கால் கிலோவில் போன காசு

2020 செப்டம்பரில் ஒரு ராத்திரி. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். தெருமுனை மளிகைக் கடையின் கடன் நோட்டை விரித்து வைத்து ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஊரடங்கு வந்ததிலிருந்து வீட்டுக்காரருக்குக் கன்டெய்னர் யார்டில் வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள்தான் வேலை. நாலு மாதமாகச் சொல்லி வாங்கியதில் பாக்கி 17,340 ரூபாய்.

ஐந்து பேர் இருக்கிற வீடு. சாப்பிட்டிருக்கிறோம், கொடுக்க வேண்டியதுதான். ஆனால் இவ்வளவு எப்படி வந்தது என்பதுதான் புரியவில்லை. அரிசி ரேஷனில் வந்துவிட்டது. அந்த நாலு மாதத்தில் கறி எடுத்தது இரண்டு தடவை, அதுவும் ரொக்கத்துக்கு. நோட்டில் பெரிய தொகை என்று ஒன்றுகூட இல்லை. ‘மி.தூள் 10’, ‘எண்ணெய் 100 – 14’, ‘து.பருப்பு 100 – 14’, ‘கடுகு 5’, ‘டீத்தூள் 5’ என்று பக்கம் பக்கமாகச் சின்னச் சின்ன எண்கள்தான்.

சரி, ஒரு சாமானை மட்டும் தனியாக எண்ணிப் பார்ப்போம் என்று மிளகாய்த்தூளை எடுத்தேன். 10 ரூபாய் பாக்கெட் 61 முறை வாங்கியிருக்கிறேன். பாக்கெட்டில் 30 கிராம். 61 பாக்கெட்டும் சேர்ந்து இரண்டு கிலோகூட வரவில்லை, 1,830 கிராம். அதற்கு 610 ரூபாய். கிலோ 333 ரூபாய் ஆகிறது. அதே கடையில் அரை கிலோ பாக்கெட் 125 ரூபாய்க்குத் தொங்கிக்கொண்டிருந்தது. மிளகாய்த்தூள் ஒன்றில் மட்டும் 150 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். பருப்பு, எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றையும் இப்படிக் கணக்குப் போட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அண்ணாச்சி எங்களை ஏமாற்றவில்லை. நாலு மாதம் ஒரு வார்த்தை முகம் சுளிக்காமல் சாமான் கொடுத்த மனிதர். நூறு கிராம் நூறு கிராமாகப் பொட்டலம் கட்டுகிற வேலைக்கும், எப்போது வரும் என்று தெரியாத பணத்துக்கும் அவர் ஒரு விலை வைக்கத்தான் வேண்டும். என் கோபமெல்லாம் வேறு இடத்தில். “மாசம் ஒருமுறை மொத்தமா வாங்கினா மிச்சம் ஆகும்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். டி.வி.யில் சொல்கிறார்கள், சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கும் அது தெரியும். மாதச் சம்பளம் வாங்குகிற வீட்டில் முதல் தேதி ஐயாயிரம் ரூபாய் கையில் இருக்கும். எங்கள் வீட்டில் பணம் வருவது சனிக்கிழமை சாயங்காலம். அதுவும் வாடகைக்கு எடுத்து வைத்து, வாரச் சீட்டு கட்டி, பஸ்ஸுக்கு ஒதுக்கியது போக நிற்பது ஐந்நூறோ அறுநூறோதான். அந்தப் பணத்தோடு கடைக்குப் போனால் கால் கிலோதான் வாங்க முடியும். பணம் குறைவாக வைத்திருப்பவர்தான் ஒரு கிலோ பருப்புக்கு அதிக விலை கொடுக்கிறார். இது எங்கள் ஊதாரித்தனம் இல்லை.

வடசென்னை கொருக்குப்பேட்டையில் எங்களுடையது லைன் வீடு. ஏழு குடித்தனம், நடுவில் ஒரு குழாய். மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கும்போது மூன்றாம் நம்பர் வீட்டு அக்காவிடம் இந்த 61 பாக்கெட் கணக்கைச் சொன்னேன். அவர் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்த் தன் நோட்டைக் கொண்டுவந்தார். அவருடைய கணக்கும் அதேதான்.

அங்கிருந்துதான் சனிக்கிழமைப் பணம் ஆரம்பித்தது. 2021 பொங்கல் முடிந்து, பழைய பாக்கியில் பாதியை அடைத்த பிறகு, நாலு பெண்கள் சேர்ந்தோம். ஆளுக்கு வாரம் 400 ரூபாய். நாலு பேருக்கு 1,600. யாராலும் ஒரே நாளில் மாத மளிகை முழுவதும் வாங்க முடியாது. ஆனால் நாலு பேர் பணத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு வாரமும் ஒரு வகைச் சாமானை எல்லோருக்கும் மொத்த விலையில் வாங்கிவிடலாம். முதல் வாரம் துவரை, உளுந்து, கடலைப் பருப்பு. அடுத்த வாரம் எண்ணெய். மூன்றாம் வாரம் புளி, மிளகாய், தனியா மாதிரி காரச் சாமான். நாலாம் வாரம் சர்க்கரை, டீத்தூள், சோப்பு. மாதம் ஐந்து சனிக்கிழமை வந்தால் அந்த ஐந்தாவது வாரப் பணம் இருப்பில் நிற்கும். யார் வீட்டிலாவது அந்த மாதம் 400 முடியவில்லை என்றால் அதிலிருந்து போட்டுக்கொள்வோம்.

எடை போட எங்களுக்குச் சிரமமே இல்லை. நாலு பேரில் ஒருவர் தள்ளுவண்டியில் காய் விற்கிறார். அவருடைய எலக்ட்ரானிக் தராசை ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் வைத்து, பேப்பர் விரித்து, எல்லோர் கண் முன்னாலும் நிறுப்போம். முதல் மாதம் உளுந்தில் 150 கிராம் குறைந்து பெரிய சண்டை வந்தது. சாக்கு எடையைக் கழிக்காமல் நிறுத்திருக்கிறோம். அதிலிருந்து வந்ததும் முதலில் மொத்தத்தை நிறுத்து நோட்டில் எழுதுவோம், அப்புறம்தான் பங்கு.

சாமான் எடுப்பது பாரிமுனையை ஒட்டியிருக்கிற கொத்தவால் சாவடிப் பக்கம். காய்கறி மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. ஆனால் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் சுற்றியிருக்கிற சந்துகளிலும் மளிகை மொத்தக் கடைகள் இன்னும் இருக்கின்றன. முதலில் ஷேர் ஆட்டோவில் போய்வந்தோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்ததும், பாரிமுனைக்குப் போய்வருகிற செலவு பூஜ்யமாகிவிட்டது. இந்த ஒரு திட்டத்தால் எங்கள் சமையலறைக்கு எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் என்னால் கணக்குக் காட்ட முடியும்.

எல்லாக் கடையிலும் ஐந்து கிலோவுக்குக் கொடுக்க மாட்டார்கள். சிலர் மூட்டை என்றால்தான் பேசுவார்கள். நாலைந்து நாள் அலைந்து, ஐந்து கிலோவுக்கும் மொத்த விலை போடுகிற ஒரு கடையைப் பிடித்தோம். அங்கே கற்றுக்கொண்டது நிறைய. துவரம் பருப்பில் முழுசாகப் பளபளவென்று இருப்பதற்கு ஒரு விலை, உடைசலுக்கு வேறு விலை. சாம்பாரில் மசிந்துபோகப் போகிற பருப்புக்கு முழுசு எதற்கு? உடைசல் சீக்கிரம் வேகவும் செய்கிறது. உளுந்தில் மட்டும் நான் உடைத்ததை எடுப்பதில்லை. முழு உருட்டு உளுந்து மாவு காணும். ஒரு டம்ளரில் வருகிற இட்லி எண்ணிக்கையே வேறு.

எண்ணெய் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை இருக்கும். சில பாக்கெட்டுகள் பார்க்க அதே அளவு, விலை மட்டும் ஐந்து ரூபாய் குறைவாக இருக்கும். பின்னால் திருப்பிப் பார்த்தால் 850 மில்லி என்று போட்டிருக்கும். பாக்கெட்டில் கிராமுக்கு எவ்வளவு, மில்லிக்கு எவ்வளவு என்ற விலையையும் இப்போது அச்சிடுகிறார்கள். எழுத்து பொடியாக இருக்கும். என் பெண்ணைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவதே அதைப் படிக்கத்தான். அவளுக்கு அது கணக்குப் பாடமும் ஆகிவிடுகிறது.

மொத்தமாக வாங்குவதில் நஷ்டமும் பட்டிருக்கிறோம். முதல் வருஷம் ஐப்பசி மழையில் துவரம் பருப்பில் வண்டு விழுந்தது. மூன்று கிலோ. எங்களோடு இருக்கிற அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. முறத்தில் போட்டுப் புடைத்து, வெயில் வந்த அன்று காயவைத்து, கையில் கொஞ்சம் விளக்கெண்ணெய் தொட்டுப் பருப்பு முழுக்கத் தடவி டப்பாவில் போட்டார். அதற்கப்புறம் வண்டு வரவே இல்லை. வேகவைக்குமுன் இரண்டு தண்ணீர் கழுவினால் எண்ணெய் வாசனை போய்விடுகிறது. அரிசிக்கு வசம்பு போட்டு வைக்கிறோம். சோம்பு ஒரு கிலோ வாங்கியது முழுத் தப்பு. ஆறு மாதத்தில் வாசனையே இல்லை. சோம்பு, பட்டை, ஏலக்காய் இதெல்லாம் எங்கள் வீட்டில் மெதுவாகத்தான் செலவாகும். அவற்றைக் கொஞ்சமாக வாங்குவதே லாபம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். தரையில் வைத்திருந்த பருப்பு டப்பா, சர்க்கரை எல்லாம் போனது. மேலே பரணில் இருந்த மிளகாய்த்தூளும் புளியும்தான் மிஞ்சின. அப்போது ஒரு வாரம் அந்தப் புளியும் ரேஷன் அரிசியும்தான் எங்களைக் காப்பாற்றின, ரசம் சோறாக. தண்ணீர் நிற்கிற பகுதியில் சாமான் சேர்த்து வைப்பவர்கள் ஐப்பசிக்கு முன்பே எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட வேண்டும். நாங்கள் இப்போது மழைக்காலம் மூன்று மாதமும் ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வைப்பதில்லை.

வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் குழம்பு மிளகாய்த்தூள் அரைக்கிற நாள். மாசி, பங்குனியில் புது மிளகாய் வரும், விலையும் இறங்கும். மிளகாய் ஒரு கிலோ, தனியா ஒன்றேகால் கிலோ, விரலி மஞ்சள் 100 கிராம், துவரம் பருப்பு 100, கடலைப் பருப்பு 100, சீரகம் 100, மிளகு 50, வெந்தயம் 25, கடுகு 25. இது அத்தையின் அளவு. மீன் குழம்புக்கும் சாம்பாருக்கும் காரக்குழம்புக்கும் இந்த ஒரே தூள்தான். மிளகாய்க் காம்பைக் கிள்ளி, மாடி வீட்டுக்காரரிடம் கேட்டு மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைப்போம். மிளகாயைக் கையில் எடுத்தால் சலசலவென்று சத்தம் வர வேண்டும். மற்றதை வெறும் வாணலியில் லேசாகச் சூடு பண்ணினால் போதும், சிவக்கக் கூடாது.

மில்லில் கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போவோம். நமக்கு முன்னால் யாராவது அரிசி அரைத்திருந்தால் நம் தூளில் மாவு கலக்கும். நமக்கு முன்னால் மிளகாய் அரைத்தவர் இருந்தால் நல்லது. அரைத்த தூள் கொதிக்கிற சூட்டில் வரும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டி பிடித்துவிடும். பேப்பரில் பரப்பி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள்தான் டப்பா. அந்த ராத்திரி லைன் முழுக்கத் தும்மலாக இருக்கும். எங்கள் ஐந்து பேர் வீட்டுக்கு இந்த இரண்டே முக்கால் கிலோ ஐந்து மாதம் வருகிறது. மில் கூலியும் சேர்த்துக் கூட, பத்து ரூபாய் பாக்கெட்டோடு ஒப்பிட்டால் பாதி விலைக்கும் கீழே. வாசனையை நான் சொல்லவே வேண்டாம்.

ரேஷனைப் பற்றியும் எழுதியாக வேண்டும். எங்களுடையது அரிசி கார்டு. மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் வருகிறது. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் இப்படித்தான். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. 2023-இல் வெளியே துவரம் பருப்பு 150 ரூபாயைத் தாண்டியபோது அந்த ஒரு கிலோவின் அருமை தெரிந்தது. அதே வருஷம் ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது சென்னையில் சில ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். கார்டை வைத்துக்கொண்டே வாங்காமல் விடுகிறவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். ரேஷன் அரிசி என்றால் வாசனை வரும், சோறு குழையும் என்பார்கள். அது சமைக்கிற விதத்தில் இருக்கிறது. முதல் தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றிப் பிசைந்து கழுவி, அப்புறம் மூன்று தண்ணீர் பச்சைத் தண்ணீரில் அலசி, அரை மணி ஊறவைத்து, குக்கரில் வைக்காமல் வடித்துப் பாருங்கள். வாசனையும் இருக்காது, பருக்கையும் உதிரியாக இருக்கும். வடித்த கஞ்சியை உப்புப் போட்டுச் சின்னவனுக்குக் கொடுப்பேன்.

அரிசியில் வெள்ளையாக, கொஞ்சம் வேறு நிறத்தில் சில மணிகள் இருக்கும், ஊறவைத்தால் மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று ஒரு புரளி பரவி, அத்தை அவற்றைப் பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மறுபடி அரிசி வடிவத்தில் செய்து, நூறுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கிறார்கள். தயவுசெய்து பொறுக்கிப் போடாதீர்கள். சேர்த்த சத்து உள்ளதே அந்த ஒன்றில்தான்.

ரேஷன் புழுங்கலரிசி இட்லிக்குக் கடையரிசியைவிட நன்றாக இருக்கிறது என்பது என் முடிவு. நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். வாரம் இரண்டு தடவை ஆட்டுகிறேன். முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் புளித்த மாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுக் குழிப்பணியாரம். கோதுமை கிடைக்கிற மாதம் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்தால் சப்பாத்தி மாவு.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றி எழுதும்போது அத்தையிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவர் பிறந்து வளர்ந்தது அங்கே. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போகவே கூடாது என்பார். சென்னை மொத்தமும் அங்கே நிற்கும். கேட்ட விலைக்கு வஞ்சிரம் போகும். செவ்வாய், புதன்தான் எங்கள் நாள். விடியற்காலை ஏலத்தில் எடுப்பவர்கள் போன பிறகு, எட்டரை ஒன்பதுக்குப் போனால் தரையில் கூறு கட்டி வைத்திருப்பார்கள்.

“கூறு எவ்ளோ ஆயா?”

“நூத்தம்பது. வாம்மா, உனக்குன்னு பாத்துத் தரேன்.”

“ரெண்டு கூறு எடுத்துக்கிறேன், இருநூறு போடு.”

“இன்னாம்மா நீ, ஐஸுக்கே அவ்ளோ ஆவுது. இருநூத்தி முப்பது குடு, எடுத்துக்க.”

நாங்கள் வாங்குவது கவலை, நெத்திலி, காரப்பொடி. வஞ்சிரமும் வவ்வாலும் கல்யாணத்துக்குத்தான். கவலை மீனில் முள் அதிகம் என்று பலர் தொட மாட்டார்கள். அதனால்தான் விலை குறைவு. நல்ல கொழுப்புள்ள மீன். சின்ன வயதிலிருந்து தின்றுவந்தால் முள் ஒரு பொருட்டே இல்லை, எங்கள் சின்னவன் ஆறு வயதிலேயே முழு மீனை எலும்புக்கூடாக்கிவிடுவான். ஒரு கூறில் பாதி குழம்பு, பாதி வறுவல். குழம்பை மண்சட்டியில் வைத்து மறுநாள் காலை இட்லிக்கும் வைத்துக்கொள்வோம். மறுநாள் குழம்புக்குத்தான் எங்கள் வீட்டில் போட்டி.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுகள் மட்டும் போய்வரும். மீன் விலை எட்டாது. அத்தை அதற்குப் பங்குனியிலேயே தயாராகிவிடுவார். நெத்திலிக் கருவாடு, வாளைக் கருவாடு, சென்னாகுன்னி என்கிற பொடி இறால் கருவாடு, மூன்றும் அரை அரை கிலோ. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெயில் காட்டி, பேப்பரில் சுற்றி டப்பாவில் வைத்தால் தடைக்காலம் முழுக்க வரும். சென்னாகுன்னியை மண் போக அலசி, வெறும் சட்டியில் வறுத்து, முருங்கைக்கீரையோடு சேர்த்து வதக்கினால் அதைப்போல ஒரு தொடுகறி இல்லை. முருங்கைக்கீரை தெருக்கோடி மரத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. கேழ்வரகுக் கூழுக்கு இது, பழைய சோற்றுக்கு நெத்திலிக் கருவாடு, கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட குழம்புக்கு வாளை.

கறி மாதம் மூன்று ஞாயிறு. ஆட்டுக்கறி விலைக்கு நாங்கள் போவதில்லை. மாட்டுக்கறி அதில் பாதிக்கும் குறைவு, அரை கிலோவோடு நாலு உருளைக்கிழங்கு சேர்த்தால் ஐந்து பேருக்கும் நிறைவாக ஆகும். முட்டையைத் தனித்தனியாக அவித்தால் ஐந்து வேண்டும். கொதிக்கிற குழம்பில் மூன்றை உடைத்து ஊற்றித் துண்டு போட்டாலும் எல்லோர் தட்டிலும் இருக்கும். பீர்க்கங்காய்த் தோல் துவையல், முள்ளங்கிக் கீரைப் பொரியல், தர்பூசணித் தோல் கூட்டு இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாலையில் மிஞ்சிய மசால் வடையை உதிர்த்துப் போட்டு வடகறி வைப்பதும் அப்படித்தான்.

கேஸ் சிலிண்டர் முன்பு 34 நாள் வந்தது. இப்போது 45 நாளைத் தொடுகிறது. பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைப்பதும், ஒரே குக்கரில் கீழே பருப்பு மேலே கிழங்கு வைப்பதும், சோறு முக்கால் வெந்ததும் அடுப்பை அணைத்துத் தட்டுப் போட்டு மூடிவிடுவதும்தான் நான் செய்தது.

சிக்கனத்தில் கைவைக்கக் கூடாத இடமும் உண்டு. ஆரம்பத்தில் வேகத்தில் பாலைப் பாதியாகக் குறைத்தேன். இரண்டு மாதத்தில் பெரியவள் இளைத்துப்போனாள். டீச்சர் கூப்பிட்டுக் கேட்டார். அன்றிலிருந்து பாலும் முட்டையும் கணக்கில் முதல் வரி. மற்றதெல்லாம் அதற்குக் கீழே. சின்னவன் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறான். காலையில் பள்ளியிலேயே உப்புமாவோ பொங்கலோ கொடுக்கிறார்கள், மத்தியானம் சத்துணவோடு முட்டை. ஒரு சொந்தக்காரர், “ஓசிச் சாப்பாட்டுக்கா புள்ளைய அனுப்புற?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. 1920-இலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பித்தது. அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். அவர் பெயரில்தான் நம் பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரி இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இந்த ஊர் தன் பிள்ளைகளுக்குப் போட ஆரம்பித்த சோறு அது. வீட்டுக்காரருக்கும் யார்டு பக்கத்தில் அம்மா உணவகம் உண்டு. சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். நான் கட்டிக் கொடுக்க முடியாத நாளில் அங்கே சாப்பிட்டுக்கொள்வார். அதில் எங்களுக்கு எந்த வெட்கமும் இல்லை.

கடன் நோட்டு 2022 ஆடியில் முடிந்தது. அண்ணாச்சி கடைக்கு இப்போதும் போகிறோம். தயிர், பிரெட், அவசரத்துக்குத் தீப்பெட்டி. அவரும் எங்கள் சனிக்கிழமைப் பணத்தைப் பற்றி விசாரித்தார். வருத்தப்படுவாரோ என்று பயந்தேன். “சர்க்கரை மூட்டை எனக்கு வர்றப்போ சொல்றேன் தங்கச்சி, அடக்க விலைக்கே எடுத்துக்கோங்க” என்றார். நாலாம் வாரச் சர்க்கரை அங்கேதான் எடுக்கிறோம்.

போன பங்குனியில் புளி வாரம். கொட்டை எடுக்காத புதுப் புளி பத்து கிலோ. கொட்டை எடுத்தது கிலோவுக்கு நல்ல வித்தியாசம் வரும், அதனால் நாங்களே உட்கார்ந்து எடுப்போம். வாசலில் பாயைப் போட்டு, அரிவாள்மனையால் கீறி, கோது பிரித்துக்கொண்டிருந்தோம். பெரியவள் கொட்டைகளைப் பல்லாங்குழிக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஏழாம் நம்பருக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும், கையில் குழந்தை. கடையில் பத்து ரூபாய்ப் புளி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

“அக்கா, நானும் சேரலாமா? நானூறுல்லாம் என்னால ஆவாது. வாரம் நூறுன்னா குடுக்க முடியும்.”

நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நூறு ரூபாய்க்குப் பங்கு எப்படிப் பிரிப்பது என்று யாரும் யோசித்ததில்லை. காய்வண்டி அக்காதான் முதலில் பேசினார். “ஆளு கணக்கு வேணாம். பணத்துக்கு ஏத்த எடை போட்டுடலாம். நாம நிறுக்கறது கிராமுலதான?”

அவள் குழந்தையை அத்தை மடியில் உட்காரவைத்துவிட்டுப் பாயில் எங்களோடு உட்கார்ந்து கொட்டை எடுக்க ஆரம்பித்தாள். நான் நோட்டில் ஐந்தாவதாக ஒரு கோடு போட்டேன்: ஏழாம் நம்பர், புளி, அரை கிலோ.